வாந்தி நின்ற வாரம்

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதனால் எனக்கு மசக்கை என்றதும் கோட்டையூரில் எங்கள் தெருவே வைத்தியராகிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது, பின்வீட்டிலிருந்து இஞ்சித் தேன். மாமியார் ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து என் மூக்கருகே நீட்டிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா கொடுத்த மாத்திரை உட்பட எல்லாமே கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் கிடந்தன. "சாப்பிடு, சாப்பிடு" என்றவர்களைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை.

கடைசியில் என் கணவர் ஆன்லைனில் ஒரு மணிக்கட்டுப் பட்டை வரவழைத்தார். உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். அது நரம்பை அழுத்தினால் குமட்டல் அடங்குமாம். எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே வாந்தி நின்றுவிட்டது.

மாமியார் மீன் குழம்பு வைத்தார். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் ரெண்டு வாய் போட்டுக்க ஆத்தா" என்றார். என் கணவர் அந்தப் பட்டையைத் தானே கண்டுபிடித்தது போலத் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாரம் காரைக்குடியில் ஸ்கேன். டாக்டரம்மா வயிற்றின் மேல் கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

"வாந்தி எப்பம்மா நின்னுச்சு?"

"போன வாரமே நின்னுருச்சு டாக்டர். இதக் கட்டுனதும்" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன், அதுதான் இன்றைக்கும் பொறுக்கவில்லை.

"துடிப்பு இல்லம்மா. வளர்ச்சி நின்னு கொஞ்ச நாளாச்சு. நெறைய பேருக்கு வாந்தி நல்லபடியாவே நிக்கும். உங்களுக்கு இதுனால நின்னுருக்கு."

"பட்டையினாலயா?" என்று கூட வந்திருந்த மாமியார் கேட்டார்.

"பட்டை ஒண்ணும் பண்ணலம்மா. நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல."

பிள்ளை தங்கவில்லை என்பது தெருவுக்குத் தெரியும். பட்டை கட்டியதும் வாந்தி நின்றது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் மசக்கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு அதக் கட்டித்தான நின்னுச்சு. எனக்குத் தாரீகளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்ததும் பட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அவளுக்கு நிற்கவில்லை. தினமும் காலையில் மதிலுக்கு அங்குட்டு அவள் ஓங்கரிக்கும் சத்தம் வரும். "பாவம், அந்தப் பிள்ளைக்கு நிக்கலையே" என்பார் மாமியார்.

"நிக்க வேணாம் அத்தை" என்பேன்.

ஒரு நாள் காலை சத்தமே இல்லை. கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு மதிலோரம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் குடலைப் பிடுங்குவது போல வாந்தி எடுத்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.