மேடவாக்கத்தில் ஒரு புள்ளி

கேடிஸ் பூச்சியைப் பலருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் நடுவில் நான் பெரிய அறிஞன். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். பார்க்க அந்துப்பூச்சி மாதிரி பழுப்பாக, இறகெல்லாம் மயிராக இருக்கும். புழுவாக ஓடைக்குள் வாழும்போது மணலை ஒட்டிக் குழாய் போல வீடு கட்டிக்கொள்ளும். மேடவாக்கத்தில் நான் வாங்கிய ஃபிளாட்டைவிட உறுதியான வீடு. எந்த இனம் என்று அறிய, ஆண் பூச்சியின் வயிற்று நுனியைக் காரக் கரைசலில் வேகவைத்து, அங்குள்ள கொக்கிகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதுதான் தொழில் என்று சொல்லித்தான் பெண் கேட்டேன். எப்படியோ கொடுத்துவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்னக் கட்டுரை எழுதினேன். மலை ஓடைகளில் மட்டுமே இருப்பதாக நம்பப்பட்ட ஓர் இனம், என் மொட்டை மாடி விளக்குக்கு வந்தது என்று. அதன் பரவல் வரைபடத்தில் மலைப்பக்கம் கொத்தாகப் புள்ளிகள். கடலோரம் தனியாக ஒன்று. அது என் புள்ளி.

தாம்பரத்தில் ஒரு பள்ளி ஆசிரியை, பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு அந்தப் புள்ளியை நம்பினார். இரண்டு வருடமாக, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரி மதகுகளிலும் பள்ளிக்கரணைக் கால்வாய்களிலும் இறங்கித் தேடினார். ஒரு புழுகூட இல்லை. கழிவுநீரால் அந்த இனம் இங்கே அழிந்துவிட்டது என்று ஒரு அத்தியாயமே எழுதினார். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். சனிக்கிழமை காலை பிரதியைக் கொடுத்துவிட்டு, "ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்று போனார்.

மாலையில் என் மனைவி அதைப் புரட்டினாள். என் கட்டுரையிலிருந்து எடுத்த படத்தில், மொட்டை மாடிக் கொடியில் வேட்டி கட்டி, முன்னால் விளக்கு வைத்திருந்தது. பூச்சி வந்து உட்காரும் திரை அது.

"இது கொல்லிமலைக்கு எடுத்துட்டுப் போன வேட்டிதானே? வந்த மறுநாளே மாடியில கட்டினீங்க. தோய்க்கப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். மடிப்பு மடிப்பா பூச்சி."

அன்று இடுக்கியால் எடுத்தபோது அந்த ஒரு பூச்சி மட்டும் அசையவில்லை. விளக்குச் சூட்டில் செத்தது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன். செத்த பூச்சி எந்த விளக்குக்கும் பறந்து வராது; வேட்டி மடிப்பில் மலையிலிருந்து வரலாம்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? மனைவிக்குத் தெரியும். அது போதாதா!

மறுநாள், ஆராதனை முடியும்வரை சர்ச் வாசலில் நின்றேன். வெளியே வந்த ஆசிரியையிடம் வேட்டிக் கதையைச் சொன்னேன்.

"நிச்சயமா சார்?"

"நிச்சயமில்லம்மா. அப்படியும் சொல்ல முடியல, இப்படியும் சொல்ல முடியல."

"ரெண்டு வருஷம் சாக்கடையில நின்னிருக்கேன். கால் கழுவாம வூட்டுக்குள்ளயே விட மாட்டாங்க எங்க மாமியார். இங்க பொறக்கவே பொறக்காத பூச்சிக்கு அடக்க ஆராதனை நடத்தியிருக்கேன். அதானே?"

நான் ஒரு ஜோக் தேடினேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைக்கவில்லை.

"எழுதிக் குடுங்க சார். கையெழுத்து போட்டு."

எழுதிக் கொடுத்தேன். கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். அவர் திங்கட்கிழமை சமர்ப்பிக்கவில்லை. பல்கலைக்கழகம் அவகாசம் தருமா என்று இன்னும் பதில் இல்லை.

நேற்று என் ஆய்வகத்துக்கு வந்தார். ஆல்கஹால் குப்பிக்குள் பூச்சியோடு ஊர்ப் பெயர் எழுதிய சீட்டும் கிடக்கும். தவறானாலும் பழைய சீட்டை எடுத்தெறியக் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டு போட வேண்டும். மை கரைந்துவிடும், பென்சில்தான். 'இடம் ஐயத்துக்குரியது' என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்தார். "பென்சிலைக் குடுங்க சார்."

வாங்கி, அதன் கீழே பொடி எழுத்தில் எழுதினார்: 'துவைக்காத வேட்டியில் எடுத்தது.'

இடுக்கியால் நானே உள்ளே போட்டேன்.