ஊதுபத்திப் புகை போன பக்கம்

“பள்ளிக்கூடம் போன பொண்ணு லெட்டர் வந்தா படிச்சிக் காட்டும். எஞ்சின் இன்னா லெட்டராமா?”

புதுவாயல் மெக்கானிக் என்னிடம் இப்படிக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் கறுப்பு டாக்சியின் பானெட்டைத் திறந்துவைத்து அவரும், நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவும் குனிந்து நின்றிருந்தார்கள். வண்டியின் கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறது, படித்துச் சொல்லட்டுமா என்றுதான் நான் கேட்டிருந்தேன். நைனா சிரிக்கவில்லை. எனக்காகப் பேசவும் இல்லை.

வண்டிக்கு இரண்டு கோளாறு. ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோதே, யாரோ மிதித்துக்கொண்டிருப்பது போல எஞ்சின் உறுமும். அந்த உறுமலுக்கு நடுவே விக்கல் எடுத்துக் குலுங்கும். மிஸ்ஸிங் அடிக்கிறது என்பார் நைனா.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலத்தைச் சமன் செய்துகொண்டிருக்கிறார்கள். காலை ரயிலில் வரும் அதிகாரிகளை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிப் போவதுதான் நைனாவின் பிழைப்பு. திங்கட்கிழமையும் குலுங்கினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். எஞ்சினையே இறக்கிப் பிரித்தால்தான் சரியாகும், அந்தச் செலவுக்கு முடியாதென்றால் வண்டியைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகவும் மெக்கானிக் சொன்னார். நைனா தலையாட்டினார். வண்டி போனால் மறுபடி அரிசி மில்லில் மூட்டை தூக்க வேண்டும். அவர் முதுகு அதற்கெல்லாம் இனி ஒத்துவராது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த இங்கிலீஷ் கையேடு அதுவரை சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது. சனிக்கிழமை முழுக்க அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்க்கச் சொன்னது புத்தகம்; எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறாம். ஷாக் அடிக்காமல் இருக்க, கையில் காய்ந்த துணியைத் தடியாகச் சுற்றிக்கொண்டு கழற்றினேன். நான்கு தடவையும் எஞ்சின் தடுமாறியது. அப்படியானால் நான்கு சிலிண்டரும் வேலை செய்கின்றன, நான்கும் விக்குகின்றன. பிளக்குகளை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். வேகத்தைக் குறைக்கும் ஸ்குரூவை நைனா கடைசி வரை தளர்த்தினார். உறுமல் அப்படியே இருந்தது.

“போதும் கண்ணு, வா. சோறு ஆறிக்கினு கீது” என்றார்.

அவர் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை போல இருந்தது.

நைனாவுக்கு ஒரு பழக்கம். காலையில் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கி, ஊதுபத்தியை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டுவார். பெட்ரோல் இருக்கிற இடத்தில் நெருப்பு எதற்கு என்று எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். சாமி விஷயத்தில் தலையிடாதே என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கத்தைவிட நிதானமாகச் சுற்றினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போய்க்கொண்டிருந்த புகை கார்புரேட்டருக்கு அருகே வந்ததும் வளைந்து, அதன் அடியில் ஓர் இடுக்குக்குள் விறுவிறுவென்று நுழைந்தது.

“நைனா, புகை எங்க போவுது பாரு.”

முதல் வேலையாக ஊதுபத்தியைத் தூரத்தில் வைக்கச் சொன்னேன். சோப்புத் தண்ணீரைக் குழைத்து, ஒரு பழைய பிரஷ்ஷால் அந்த இடுக்கில் பூசினேன். எஞ்சின் சட்டென்று தணிந்தது. தண்ணீர் உள்ளே போனதும் மறுபடி உறுமியது. கார்புரேட்டர் அளந்து விடுகிற காற்று போதாதென்று, கள்ளத்தனமாக இன்னொரு வழியிலும் காற்று புகுந்துகொண்டிருந்தது. உறுமலுக்கும் விக்கலுக்கும் அதுவே காரணம்.

நைனா எஞ்சினை நிறுத்தி, கார்புரேட்டரைக் கழற்றினார். அதற்கும் அடியிலுள்ள குழாய்க்கும் நடுவே காற்றுப் புகாமல் ஒரு பேக்கிங் இருக்க வேண்டும். வெளியே வந்தது, பெட்ரோலில் ஊறிக் கிழிந்த ஓர் அட்டை. அதில் பாதி அழிந்த தங்க எழுத்துகள். ஓரத்தில் மஞ்சள். என் பெரியப்பா மகனின் கல்யாணப் பத்திரிகை.

அதற்கு முந்தின மாதம் நைனாவே கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபோது பழைய பேக்கிங் கிழிந்துவிட்டதாம்.

“நல்ல தடி அட்டை. மஞ்சா வேற தடவினது. மங்களமா இருக்கும்னு வெட்டி வெச்சிட்டேன்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. சொன்னால் சிரிப்பார்களோ என்று மெக்கானிக்கிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தலை நிமிராததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

புதுவாயல் கடைக்குப் போய்ப் பேக்கிங் ஷீட் வாங்கி வந்தார். ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸால் அளவெடுத்து நான் வரைந்தேன், அவர் வெட்டினார். மாட்டி, ஸ்குரூவைத் திருத்தி வைத்தோம். எஞ்சின் ஓடும்போதே பக்கத்து வீட்டில் அம்மி அரைப்பது காதில் விழுந்தது.

மத்தியானம் வந்த மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, என்னவாக இருந்தது என்று என்னைக் கேட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்கு ஒரு பதிலைச் சேர்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் நைனா ஏற்கெனவே துடைத்த கையைத் துணியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பேக்கிங் போயிருந்திச்சுண்ணா” என்றேன்.

“இன்னா பேக்கிங் போட்டிருந்தீங்கோ?”

“பழசு.”

நைனா துணியைத் தோளில் போட்டார். “நீ கேட்டியேப்பா, அந்த லெட்டரு. எம்பொண்ணு படிச்சிட்டா” என்றார்.

திங்கட்கிழமை அதிகாரிகள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஒருவர் வழி நெடுகத் தூங்கிக்கொண்டு வந்தாராம்.

அந்த மஞ்சள் ஓரத்தைக் காயவைத்துக் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன். போன வாரம் நைனாவோடு எங்கள் வண்டியிலேயே திருவள்ளூர் போய், தொழிற்பயிற்சி நிலையத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். பெண்கள் தையல்தான் கேட்பார்கள் என்றார்கள். மோட்டார் மெக்கானிக் என்று எழுதினேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘டாக்சி, சொந்த வண்டி’ என்று எழுதினேன். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, நைனா கைநாட்டு வைத்தார்.