டீச்சராகாத சந்திரகாந்தா

மாத்தளை யட்டவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்டால், அது என்ன படிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. போன அன்றைக்கே ‘டீச்சர்’ ஆகிவிடும். பொன்னையாவின் மகள் சந்திரகாந்தாவும் பேராதனைக்குப் பஸ் ஏறிய நாளிலிருந்து டீச்சர்தான். இரசாயனவியல் படித்தவள் வேறென்ன ஆகலாம் என்று கேட்டிருந்தால் அவள் மணிக்கணக்கில் பேசியிருப்பாள். கேட்கத்தான் ஆளில்லை.

1998இல் பட்டம் கிடைத்தது. முதலில் கொழும்பில் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வுகூட வேலைக்கு ஆசைப்பட்டாள். நேர்முகத்தில் பெயின்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது. மற்றதெல்லாம் ஊர் எது, வடக்கில் சொந்தம் உண்டா, பொலிஸ் அறிக்கை எடுக்க முடியுமா என்பதுதான். அந்த வருஷத் தொடக்கத்தில் கண்டியில் குண்டு வெடித்திருந்தது. தமிழ்ப் பெயரும் இரசாயனமும் ஒரே ஆளிடம் இருப்பது அப்போது பலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும் சங்கதி. அவளும் சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து, பாடப்புத்தகத்தைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைக்கப் பழகியிருந்தாள். ஒரு தப்பும் செய்யாதவளைத் திருடி போல நிற்கவைத்த அந்தக் காலத்தை என்ன சொல்லித் திட்டுவது?

கம்பெனி கைவிட்டது. அவளுக்குப் படிப்பித்த பேராசிரியர் கைவிடவில்லை. மாத்தளைச் சாதிக்காய் எண்ணெயை ஆய்வு செய்து முதுமாணிப் பட்டம் எடுக்கலாம், படிக்கும்போதே ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலையும் பார்க்கலாம் என்றார். சம்பளம் சொற்பம். ஆனாலும் சந்திரகாந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாதிக்காயைப் பொறுக்கி வெயிலில் காயவைத்து வளர்ந்தவள் அவள். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் ஆசை சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் நியமனமும் வந்தது. நிரந்தர வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவை விட்டு வெளியே ஒரு வீடு எடுக்கலாம். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை என்பதும் அவளை உறுத்தியது. அம்மா போன பிறகு வீட்டில் இருப்பது அப்பா ஒருவர்தான். அவர் முகம் வாடிவிடும் என்று பயந்து, பேராசிரியர் சொன்னதை அவரிடம் சொல்லாமலே இருந்தாள்.

தோட்டம் சும்மா இருக்குமா? யூனியன் தலைவர் அழகமுத்து, நியமனத்தைத் தானே வாங்கிக் கொடுத்ததுபோல மாரியம்மன் கோயிலில் பாராட்டுக் கூட்டம் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அவள் கழுத்தில் மாலை விழுந்தது.

“நம்ம தோட்டத்து முதல் சயன்ஸ் டீச்சர் இப்ப ரெண்டு வார்த்தை பேசுவாங்க,” என்றார் தலைவர் ஒலிபெருக்கியில்.

அவள் மைக்கை வாங்கினாள். நன்றி சொல்லிவிட்டு உட்காரலாம். உட்கார்ந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் போய் நிற்க வேண்டும்.

“மன்னிச்சுக்குங்க. நான் டீச்சர் வேலைக்குப் போகல. பேராதனையில மேல படிக்கப் போறேன்.”

 அழகமுத்து மைக்கை வாங்கி, “பாப்பா யோசிச்சு முடிவெடுப்பாங்க,” என்று சமாளித்தார். பொன்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார்.

மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அவள் பின்னால் ஓடினாள். கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில் அவர் நின்றார்.

“அப்பா, நான் டீச்சராகணும்னுதானே இத்தன வருசமா நீங்க…”

“நான் எப்ப சொன்னேன்?”

அவள் யோசித்துப் பார்த்தாள். தலைவர் சொன்னார், கடைக்காரர் சொன்னார், பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொன்னார்கள். அப்பா சொன்னதாக ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. அவரிடம் அவள் கேட்டதும் இல்லை.

“ஊரே சொல்லுச்சு. ஒனக்கும் அதுதான் புடிக்கும்போலனு நானும் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றார்.  “படி புள்ள. யாரு வேணாங்குறா? ஆனா இம்புட்டுப் பெரிய விசயத்த, ஊரோட ஊரா நிக்கவச்சு எனக்குச் சொல்லிட்டியே.”