நீலம் கரைத்த பாலைவன ஊற்று

காவிரி மணலில் பாதி தூரம் நடந்த பிறகுதான் செருப்பை விட்டுவிட்டு வந்தது உறைத்தது. சித்திரை மாதத்துப் பிற்பகல். ஆற்றில் தண்ணீர் இல்லை. திரும்பிப் போனால் இன்னும் நாலு அறை விழும். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திருச்சிப் பக்கத்துக் கரையைப் பார்த்து நடந்தேன். முழங்கால்வரை அப்பியிருந்த சேறு காயக் காய, அழுகிய முட்டையும் மூத்திரமும் சேர்ந்த நாற்றம் அடித்தது.

நான் விட்டுவிட்டு வந்தது ஒரு பாலைவன நகரத்தை.

ஸ்ரீரங்கம் கரையோரம் கோடைக்காகப் போட்டிருந்த பொருட்காட்சியில் அது ஒரு கொட்டகை. அதன் முதலாளி யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தவர். அங்கே மணல்காட்டின் நடுவே ஒரு சோலை நகரத்தில் சில மாதம் இருந்தாராம். அதைத் தட்டியிலும் களிமண்ணிலும் கட்டி வைத்திருந்தார். மண் மதில், பெட்டி பெட்டியாக வீடுகள், வெட்டிக்கொண்டுவந்து நட்ட ஈச்ச மரங்கள், நடுவில் கரை போட்ட சின்னக் குளம். கலைந்துபோன சர்க்கஸிலிருந்து வாங்கிய கிழ ஒட்டகம் ஒன்றும் உண்டு.

சமயபுரத்தில் ஒரு லாட்ஜுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்து, சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன். தொண்டை மட்டும் பெரிது. அது போதும் என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். அவர் சொல்லிக்கொடுத்ததைத் தகரக் குழாயில் கத்துவதுதான் வேலை.

"ஒட்டகத்துல உப்பு ஏத்திக்கிட்டுப் போன வியாபாரிங்க இந்த ஊத்தைப் பாத்துட்டு இங்கயே தங்கிட்டாங்க. அதுதான் ஊரு. எத்தனையோ ராஜா வந்து ஆண்டாச்சு, ஊத்து வத்தல. பகல்ல கல்லு வெடிக்கும், ராத்திரி கம்பளி கேக்கும். மழைன்னா கெழவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். பேரீச்சந்தோப்பு பாருங்க, மண் கோட்டை பாருங்க!"

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "மழை இல்ல, வெயில் பொளக்குது, மண்ணுல வீடு. இதுக்கு டிக்கெட்டாய்யா? எங்க மருங்காபுரிக்கு வா, சும்மாவே காட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் குளத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அம்மாமண்டபம் படித்துறையில் இறங்கினால் மணல். முழுக்குப் போட வந்தவர்கள் ஏமாந்து இங்கே வந்தார்கள். தண்ணீரைக் கண்டால் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வதுதானே நம் ஆட்களின் வழக்கம். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் தெளித்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் வாயிலும் விட்டுக்கொண்டார்கள். மறுநாள் குளத்தங்கரையில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

அந்தத் தண்ணீர் முதல் நாள் வண்டியில் கொண்டுவந்து கொட்டியது. அப்புறம் மாற்றவே இல்லை. பச்சையாகப் போனதும் முதலாளி துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்தார். ஒட்டகம் கரையில் பின்பக்கத்தைக் குளத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். காலையில் செத்த தவளைகளை நான்தான் பொறுக்குவேன்.

"முதலாளி, அது சாக்கடைங்க. ஜனங்க குடிக்கிறாங்க" என்றேன்.

"நாம குடிக்கச் சொன்னமா? உன் வேலை குழாயில கத்துறது. கத்து."

அன்றைக்கே அவர் ஒரு கூடை துளசியை வாங்கிவந்து குளத்தில் தூவினார். நானும் கத்தினேன். ஒரு நாள் இல்லை, இன்னும் மூன்று நாள் கத்தினேன்.

அதற்கு மறுநாள், இடுப்பில் ஒரு கைப்பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். பிள்ளையின் கண் குழிக்குள் போயிருந்தது. தலை தோளில் நிற்கவில்லை. அவள் குனிந்து சொம்பில் தண்ணீர் மொண்டாள்.

"என்னம்மா பண்றே?"

"புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுதுண்ணே. இந்தத் தீர்த்தம் குடுத்தா நிக்கும்னாங்க."

"தீர்த்தம் இல்லம்மா. ஒட்டகம் மூத்திரம் பெஞ்ச தண்ணி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"இப்பத்தானே வத்தாத ஊத்துன்னு சொன்னீங்க?"

"அது பொய்ம்மா."

"கொழாயில சொன்னது பொய்யி, காதுல சொல்றது நெசமா? போங்கண்ணே." சொம்பைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

பிடுங்கிக் கொட்டினேன். அவள் மறுபடி மொள்ளக் குனிந்தாள். ஈச்ச மரத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கிக் கரையை வெட்டிவிட்டேன்.

தண்ணீர் மணலுக்குள் போய்விட்டது. அடியில் இருந்தது வெளியே தெரிந்தது. கறுப்புச் சேறு, ஊறி வெடித்த எலி ஒன்று, நெளியும் புழுக்கள், அவற்றின் மேல் துளசி. இனிமேல் யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

"தீர்த்தத்தை மண்ணுல விட்டுட்டியேடா பாவி" என்று ஒருவர் கன்னத்தில் அறைந்தார். முதலாளி அவருக்குப் பின்னால் நின்று, "பைத்தியங்க, நேத்துதான் வந்து சேர்ந்தான்" என்றார். அந்தப் பக்கம் இரண்டு பேர் எலிக்கு ஒரு முழம் தள்ளித் தேங்கியிருந்ததை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வற்றாத ஊற்று என்று அவர்களுக்குக் கத்தியது நான்தான்.

அவள் மட்டும் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொம்பை மணலில் கவிழ்த்துப் போட்டாள்.

"ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

கையைக் காட்டினேன். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பிழைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் அடிக்க வந்தார்கள். மூட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.

மறுநாள் காலை உறையூரில் ஒரு தெருக் கிணற்றைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். தண்ணீர் கெட்டுப்போய்த் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது என்றார்கள். தூர் வாரும் மேஸ்திரி, உள்ளே இறங்க ஆள் கிடைக்காமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"எறங்குவியா? உள்ள மூச்சு முட்டும்."

"எறங்குறேங்க."

"முன்ன என்ன வேலை பாத்த?"

"கத்திக்கிட்டிருந்தேங்க."

அவர் பீடியைத் தூக்கிப் போட்டார். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார்கள். அடியில் சேறு தொடைவரை இருந்தது. முதல் கூடையை நிரப்பி, இழுக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டினேன்.