பூட்டிய பட்டறையில் தட்டச்சு

யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ‘ரூட்’ என்ற பெயரில் உள்ளே போனவனுக்குத் திறக்காத ஃபைலே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பேயை நம்பாதவன், பிசாசை நம்பாதவன், சுடுகாட்டு வழியாகவே போய் பரோட்டா வாங்கி வருகிறவன், இந்த ஒன்றை மட்டும் வேதவாக்காக நம்பினேன். முட்டாள்தனம்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், போகப்போக எனக்கே சிரிப்பு வராது.

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். தட்டாஞ்சாவடியில் பஷீர் பாய் செயற்கைக் கால் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வெட்டுப்பட்ட காலை ஒரு கருவி அளக்கும், கம்ப்யூட்டர் அந்த அளவை ஃபைலாக வைத்துக்கொள்ளும், மெஷின் அதே வடிவத்தை நுரைக்கட்டையில் கடையும், அதன் மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் கால் நுழையும் கூடு தயார். எல்லாம் பிரான்சிலிருந்து பழையதாக வந்த சாமான். கீபோர்டும் பிரெஞ்சு கீபோர்டு, எழுத்துகள் இடம் மாறி இருக்கும். அதில் பார்க்காமலே அடிக்கத் தெரிந்தவர் பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த லூயி அண்ணன் ஒருவர்தான். அவரும் போன மழைக்காலத்துக்கு முன்னால் இறந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாய் போன் செய்தார். “குமாரு, ஒடனே வாப்பா. பொட்டி படுத்துக்கிச்சு.”

போனால், பெஞ்சில் ஊன்றுகோல்களோடு கலைவாணி. பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள், பஸ் மோதியதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை நடந்து வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேனேஜர் கெடு வைத்திருக்கிறார்.

“அண்ணா, இன்னிக்கு ஆயிடுமா?”

“ஆயிடும்மா. திங்கக்கெழம நீ மேனேஜரயே ஒதைக்கலாம்.”

சிரித்தாள். அந்த வாயை நான் அன்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. பாதி ஃபைல்கள் குப்பையாகிவிட்டன, புதிதாக அளந்தாலும் எழுதிக்கொள்ள மறுத்தது. முன்பே அளந்து வைத்த கலைவாணியின் ஃபைல் முழுசாக இருந்தது, ஆனால் திறந்தால் ‘அனுமதி இல்லை’. ரூட்டாகப் போனேன், அப்போதும் அனுமதி இல்லை. எனக்கேவா! சொந்த வீட்டு வாசலில் நிறுத்தி ஆதார் அட்டை கேட்ட மாதிரி இருந்தது. எழுத்து தேடித்தேடி விரல் வலித்ததால் பிரெஞ்சு கீபோர்டைப் பிடுங்கிவிட்டு என்னுடைய சாதா கீபோர்டை மாட்டினேன். அப்போதும் மசியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறையே தொழுகைக்குப் போய்விடும். லூயி அண்ணன் கிறிஸ்தவர், அந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பார். இப்போது ஆளில்லை என்று பாய் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கலைவாணியும் எதிர் டீக்கடையில், அந்தக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். நம்பினால் நம்புங்கள், ஒரு ஈ உள்ளே போகவில்லை.

பாய் வந்து திறந்தார். திரையில் வரிவரியாக ஏதோ அடித்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே, இப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கம்ப்யூட்டரின் பதில்.

வயர் கோளாறு என்று பெரிய மனுஷன் மாதிரி சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், ‘ஏ’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘க்யூ’ இருந்தது. பிரெஞ்சு கீபோர்டில் பழகிய விரல்கள் என் கீபோர்டில் பார்க்காமல் அடித்தால் எப்படித் தவறுமோ, அச்சு அசலாக அப்படியே. கீபோர்டு மாறியது அடித்தவருக்குத் தெரியவில்லை.

அலறிப் பின்னால் போய் அலமாரியில் மோதினேன். செயற்கைப் பாதங்கள் தலையில் விழுந்தன. மடியில் விழுந்த ஒன்றிடம் “மன்னிச்சிருங்க” என்றுகூடச் சொன்னேன்.

“இன்னாப்பா, பொய்க்காலு கால்லயா வுழுவுற?” என்றார் பாய். விஷயத்தைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாளே.

தவறிய எழுத்துகளைத் திருத்தி ஒவ்வொரு வரியாக நானே அடித்தேன். இறந்துபோன ஆள் சொல்லச் சொல்ல எழுதிய முதல் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். ஒரு வரி மட்டும் எதற்கென்று புரியவில்லை. இருக்கட்டும் என்று அதையும் அடித்தேன். ஃபைல் திறந்தது. பாய் கட்டையை மாட்டினார், மெஷின் கடைய ஆரம்பித்தது.

நுரைத்தூள் அடங்கியதும், மெஷினின் கண்ணாடி வழியாக முதலில் பார்த்தவள் கலைவாணி.

“அண்ணா... எனக்கு வலது காலுண்ணா.”

உள்ளே இருந்தது இடது கால். ஒரு ஆம்பளையின் தடித்த கால்.

“வேற கட்ட இருக்கா பாய்?”

“இதான் கடசி. மெட்ராஸ்லேந்து வர அடுத்த வாரம் ஆவும்” என்றபடி பாய் அதை வெளியே எடுத்தார். ஓரத்தில் இருந்த ஒரு குழியைத் தடவினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இது லூயி அண்ணன் காலு. சக்கரைல இடது கால எடுத்தாங்க. நான்தான் தெனம் வூட்டுக்குப் போயி கட்டு மாத்துவேன், இந்தக் குழி எனக்குத் தெரியாதா?”

அவர் தன் காலையும் அளந்து வைத்திருப்பார், சாகிற டிஸ்க்கில் ரெண்டு ஃபைலும் கலந்திருக்கும் என்று அறிவாளித்தனமாக விளக்கினேன்.

“எப்படிப்பா அளப்பாரு? ஆஸ்பத்திரிலேந்து வூடு, வூட்டுலேந்து கல்லற. கால எடுத்தப்பறம் இந்தப் பக்கமே அவரு வரலியே. அளக்குற மெஷினு வேற எங்க இருக்கு?”

டிஸ்க்கை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், கரகரவென்று இரண்டு சத்தம், அதோடு நின்றுவிட்டது. கட்டையை பாய் தூக்கிப் போடவும் இல்லை, லூயி அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை கலைவாணி ஊன்றுகோல்களோடுதான் கம்பெனிக்குப் போனாள். அவள் இடத்தில் வேறொரு பெண் நின்று பேக்கிங் செய்துகொண்டிருந்தாள்.