சூடு இறங்காத சுவர்

என் கணவர் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டினார். ஒரு மழை நாளில் மரக்கறி நனையாமல் லொறி மேல் ஏறிப் படங்கு கட்டும்போது வழுக்கி விழுந்தார். கழுத்துக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி இவருக்குச் சரியாக வியர்க்காது, அறை சூடானால் உடம்பும் சேர்ந்து சூடாகும், கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

மாத்தளை டவுனில் எங்கள் வீட்டின் பின்னறைக்கு மெல்லிய சீமெந்துக்கல் சுவர், கூரைக்குத் தகரச் சீட்டு. பகல் ஏறினால் அவர் முகம் சிவந்து, பேச்சுக் குழறும். ஈரத்துண்டை மாற்றி மாற்றிப் போடுவேன். ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசியது. ஏசி எங்களுக்குக் கட்டாது.

அவருடைய தம்பி மேசன் வேலை செய்பவர். தம்புள்ளைப் பக்கம் ஏசி இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கிற ஒரு ஹோட்டலைக் கட்டப் போயிருந்தார். அதே மாதிரி இங்கேயும் செய்யலாம் என்றார்.

"செவுரு தடிப்பா இருந்தா பகல் சூட்ட அது வாங்கிக்கும் அண்ணி. ராத்திரி ஜன்னலத் தொறந்து விட்டீங்கன்னா, குளிர்காத்து செவுத்த ஆறவச்சிரும். விடிஞ்சதும் மூடிரணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உள்பக்கம் தடித்த செங்கல் சுவர் எழுப்பினார். கூரைச் சீட்டுக்குக் கீழே பலகைத் தட்டு அடித்தார். மலைப்பக்கம் தாழ்வாக ஒரு ஜன்னல், எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு திறப்பு, இரண்டிலும் கொசுவலை. கல் கோணலாக நிற்கிறது என்று என் கணவர் கட்டிலில் கிடந்தபடியே தம்பியை ஏசினார். விழுந்ததற்குப் பிறகு அவர் கோபப்பட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்கழி, தை மாதங்களில் அது வேலை செய்தது. விளக்கு வைத்ததும் திறப்பேன், காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் மூடுவேன். மத்தியானத்திலும் சுவர் சில்லென்று இருக்கும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார். முகத்தில் மட்டும்தான் அவருக்கு உணர்வு. கன்னத்தைச் செங்கல்லில் வைத்துக்கொண்டு தூங்குவார்.

மாசித் தேர் முடிந்ததும் பின்பக்கத்துக் காணிக்காரர் கட்டடம் தொடங்கினார். எங்கள் மலைப்பக்கத்து ஜன்னலுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சுவர் எழும்பியது. காற்று மறைகிறது என்று போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார், தன் காணிக்குள்தானே கட்டுகிறேன் என்றார். அது உண்மைதான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பங்குனியில் காற்று அடியோடு நின்றது. இரவும் பகலைப் போலவே புழுங்கியது. விடியற்காலையில் ஜன்னலை மூடப் போகும்போது சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். ஆள் உடம்பைப் போல வெதுவெதுப்பாக இருக்கும். முதல் நாள் சூடு இறங்காமலே அடுத்த நாள் சூடும் அதில் ஏறியது. இரவு முழுக்க சுவர் அதை அறைக்குள்ளேயே விட்டது. பழைய மெல்லிய சுவராவது பொழுது சாய்ந்தால் ஆறும்.

தம்பி வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"செவுரு சரிதான் அண்ணி. ராத்திரிதான் குளிர மாட்டேங்குது."

உடைத்துவிடலாமா என்று கேட்டேன். கட்டிலில் இருந்தவர்தான் பதில் சொன்னார்.

"வேணாம். தூசி எனக்குத் தாங்காது. கட்டில நடுவுக்கு இழுத்துப் போடு."

சித்திரையில் ஒரு பின்னேரம் அவருக்கு நினைவு தப்பியது. திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐஸ் வைத்துக் காப்பாற்றி, பல நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலம் நான் ஜன்னல் பக்கம் போனால், "விடு, வெளியிலயும் இதே சூடுதான்" என்பார். நான் ஈரத்துண்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது மழை பெய்கிறது. பின்பக்கத்துக் கட்டடத்துக்கு மேல்மாடி போடுகிறார்கள். தம்பி கட்டாரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த பங்குனியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.