சாமியாடி பார்த்த காமெடி

என் வீட்டுக்காரர் சாமியாடி. வருஷம் முழுக்கக் காளவாசலில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், மாசியில் குலசாமி கும்பிடு வந்தால் அரிவாளைப் பிடித்து ஆடி, வாக்குச் சொல்ல வேண்டும். மாமனார் போன பிறகு இவருக்கு வந்த பொறுப்பு அது. முதல் வருஷம் சாமி இவர்மேல் சரியாக இறங்கவில்லை. ஏதோ நாலு குதி குதித்தார், அவ்வளவுதான். "அடுத்த வருசமும் இப்படின்னா அருவாளச் சின்னவன்கிட்டக் குடுத்துர வேண்டியதுதான்" என்று பங்காளிகள் பேசிவிட்டார்கள். சின்னவன் என்பது இவருடைய சித்தப்பா மகன். அன்றிலிருந்து இந்த மனுசனுக்கு நல்ல தூக்கம் கிடையாது.

இந்த வருஷம் காப்புக் கட்டி, கறி மீன் விட்டு, தரையில் படுத்து விரதம் இருந்தார். அப்படி இருக்கிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆனையூரில் எங்கள் வீட்டு டிவியில் அந்தக் காமெடியைப் பார்த்தார். நடிகர் ஒருவர் பெரிய மீசை ஒட்டிக்கொண்டு சாமியாடுகிறார். ஸ்பீக்கரில் உறுமி மேளச் சத்தம். திடீரென்று கரண்ட் போய் உறுமி நின்றுவிடுகிறது. சாமியும் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிறுத்தி, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறது: "கரண்ட் எப்பண்ணே வரும்?"

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காப்புக் கட்டிக்கிட்டு இதுக்குப் போய்ச் சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"ஏன்டி, சாமிக்குச் சிரிக்கத் தெரியாதா? விடுடி."

நானா விடுவேன்? மறுநாள் நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பொரிந்து தள்ளினேன். பக்கத்தில் இருந்த கிறிஸ்தவ டீச்சர் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "போன வாரம் டிவில அதே ஆளு எங்க ஃபாதர் மாதிரி அங்கி போட்டுக்கிட்டுப் பிரசங்கம் பண்ணினாரே, அதை எனக்கு நடிச்சே காமிச்சது நீங்கதான டீச்சர்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அது வேற, இது வேற என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படி வேற என்று அவர் கேட்பதற்குள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

இவருக்கும் அந்தச் சிரிப்பு ரெண்டு நாள்கூட நிலைக்கவில்லை. கடைக்கு வருகிற ஆளெல்லாம், "என்னண்ணே, கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அங்கே சிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். "சாமிய நெனச்சுக் கண்ண மூடுனா அந்த ஒட்டு மீசைக்காரன்தான்டி வாரான்" என்றார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. கையில் இருக்கிற சாமானையே வீடு முழுக்கத் தேடினேன்.

கும்பிடு நாளும் வந்தது. திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவே எங்கள் கோயில். பொழுது சாய்கிற நேரம். இவர் கண்ணை மூடி நின்றார். உறுமியை அடித்தார்கள், அடித்தார்கள், அடிக்கிறவருக்கு வேர்த்து ஊற்றியது. இவருக்கு ஒரு விரல்கூட ஆடவில்லை.

சின்னவன் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கரண்ட் எப்பண்ணே வரும்?"

மொத்தக் கூட்டமும் கொல்லென்று சிரித்தது. மூடிய கண்ணோடு இவருக்கு உதடு துடித்தது. பாவி மனுசன், சிரிப்பை அடக்கினாரா அழுகையை அடக்கினாரா, எனக்குத் தெரியவில்லை.

எப்படி முன்னால் போனேன் என்று நினைவில்லை. "எவன்டா அவன்? வாடா முன்னால! கும்பிட வந்த எடத்துல அம்புட்டு நக்கலாடா உங்களுக்கு?" கை கால் எல்லாம் உதறியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. சிரிப்பு பொட்டென்று நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரியான பெரிய மாமா சூடத் தட்டோடு ஓடிவந்து என் முன்னால் குனிந்தார்.

"யாரு வந்துருக்கது? வாக்குச் சொல்லு தாயி."

ஐயோ கடவுளே, எனக்கு யாரும் வரவில்லை! வந்தது கோபம். எட்டாம் வகுப்பில் தினமும் வருகிற அதே கோபம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் கண்ணைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

"அருவா இவருகிட்டதான் இருக்கணும். அடிங்கடா உறுமிய!" என்றேன்.

அடித்தார்கள். இவர் துள்ளினார் பாருங்கள், நாலு பேர் சேர்ந்து பிடித்தும் நிறுத்த முடியவில்லை.

அரிவாள் இவரிடமே இருக்கிறது. இவரும் இப்போது நன்றாகத் தூங்குகிறார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் காமெடியை டிவியில் மறுபடி மறுபடி போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வருகிறது. இவரோ, "தப்பு, இதெல்லாம் பாக்கக் கூடாது" என்று முகம் சிவந்து சேனலை மாற்றுகிறார். 'டி' போட்டுப் பேசுவதையும் விட்டுவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த நிமிஷமே அரிவாளைக் கீழே வைத்துவிடுவார்.

போன வாரம் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். முன்பென்றால், "போடி இவளே" என்று கிண்டலடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அன்று அசையாமல் நின்றார். என் கையும் காலும் உதறுகிறதா என்று பார்த்தார்.

"ஏங்க, ஒரு தடவ என்னையப் பாத்துச் சிரிச்சுத் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

அவர் இன்னும் பயந்துபோய், திருநீற்றுத் தட்டை எடுக்க ஓடினார்.